படியெடுத்தலில் இழையும் திசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படி உருவாவதே படியெடுத்தல். அந்தப் படியில் தைமின் என்ற காரத்துக்குப் பதிலாக யுராசில் எழுத மறப்பதைப் பற்றி இங்கே சொல்லப் போவதில்லை. அதை முதல் தேர்வின் சிவப்பு மையே திருத்திவிடும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் நான் அன்று செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதால், நாட்களைத் தின்னும் பிழைகளை மட்டும் எழுதுகிறேன்.

இழையையும் திசையையும் குழப்புவது

டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்தவை; ஒவ்வோர் இழையின் இரு முனைகளையும் 5′, 3′ என்று குறிப்போம். ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி அவற்றுள் வார்ப்புரு இழையை 3′ முனையிலிருந்து 5′ முனை நோக்கிப் படித்துக்கொண்டே, அடினைனுக்கு யுராசில், தைமினுக்கு அடினைன், குவானைனுக்குச் சைட்டோசின், சைட்டோசினுக்குக் குவானைன் என இணை சேர்த்து, புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வளர்க்கிறது. ஆகவே தூது ஆர்.என்.ஏ., யுராசில் ஒன்று நீங்கலாக, மற்ற இழையான குறியீட்டு இழையையே ஒத்திருக்கும். தரவுத்தளங்களில் மரபணு வரிசை வழக்கமாக இந்தக் குறியீட்டு இழையாகவே தரப்படுகிறது.

இவ்வளவும் படித்திருந்தும் ஆய்வு மாணவனாக இருந்தபோது நான் தவறினேன். திசுவில் ஒரு தூது ஆர்.என்.ஏ. எங்கே இருக்கிறது என்று அதனோடு இணை சேர்ந்து ஒட்டிக் காட்டும் புரோப் (தேடு இழை) ஒன்றுக்கு, தரவுத்தள வரிசையை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். தூதுக்கு இணையாக வர வேண்டியது அதன் நகலாகவே வந்து சேர்ந்தது. நகலோடு நகல் ஒட்டாது. மூன்று வாரங்கள் வெப்பநிலையையும் உப்பின் அளவையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்மையில் ஒரு மாணவி இணையைச் சரியாகவே எழுதினார். திருப்பி எழுதத்தான் மறந்தார். திசை குறிக்காத வரிசையை 5′ முனையில் தொடங்குவதாகவே எவரும் கொள்வார்கள் என்பதால் அதுவும் வீணாயிற்று. வார்ப்புரு இழையில் 5′-சி-ஏ-டி-3′ (சைட்டோசின்-அடினைன்-தைமின்) என்று இருந்தால், இடப்பக்கமிருந்து இணை சேர்த்து ஜி-யூ-ஏ என எழுதி நிறுத்துபவருக்கு அது வாலின் என்ற அமினோ அமிலத்தின் குறியீடாகத் தோன்றும். 5′ முனையிலிருந்து முறையாகப் படித்தால் அது ஏ-யூ-ஜி, அதாவது புரதத்தைத் தொடங்கும் மெத்தியோனின். முனை எண்களை இட ஐந்து நொடிகூட ஆகாது. அவை இல்லாத வரிசைகளைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

ஒரு குரோமோசோமுக்கு ஒரே வார்ப்புரு இழை என்று நினைப்பது

மரபணுவுக்கு மரபணு அது மாறும்.

மரபணு முழுவதும் தூதில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது

மனித செல்லில் முதலில் உருவாகும் படியிலிருந்து இன்ட்ரான்கள் எனும் இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்படுகின்றன. 3′ முனையில் சேர்க்கப்படும் நீண்ட அடினைன் வாலுக்கோ டி.என்.ஏ.யில் வார்ப்புருவே கிடையாது; அந்த வாலை மரபணு வரிசையில் தேடி ஒரு பிற்பகலைத் தொலைத்தவர்களுள் நானும் ஒருவன்.