கழுத்துத் தண்டுவட ஆபரேஷன்: முன்பக்கமா, பின்பக்கமா?

சட்டை பட்டன் போட விரல் தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் தண்டுவடமே நசுங்கிக்கொண்டிருக்கலாம்; தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு போய், ஆபரேஷன் முன்பக்கமா பின்பக்கமா, ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றிரண்டு இடத்தில், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்தான் அழுத்துகிறது என்றால் பெரும்பாலும் தொண்டைப் பக்கமாகப் போய் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேஜ் என்ற சின்னத் தாங்கியை வைத்து இரண்டு எலும்பையும் ஒட்டவைப்பார்கள். அப்புறம் சில நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கலாம், குரலும் கம்மலாம். சிகரெட்டை முன்பே விடுங்கள், எலும்பு ஒட்டுவதை அது கெடுக்கும்.

மூன்று நான்கு இடத்தில் நெருக்கம், கழுத்தின் வளைவும் சரி என்றால் பின்பக்கம். ஜப்பானில் உருவான லேமினோபிளாஸ்டியில், தண்டுவடத்துக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வளைவைக் கதவு மாதிரி ஒருபக்கம் திறந்து அப்படியே நிறுத்திவிடுவார்கள், கழுத்து அசைவும் ஓரளவு தங்கும். இல்லையென்றால் அந்த எலும்பு வளைவை எடுத்துவிட்டு ஸ்க்ரூ, கம்பி போட்டு இறுக்குவார்கள்.

மேலும் மோசமாகாமல் தடுப்பதுதான் முதல் நோக்கம். போன பலம் முழுதும் நிச்சயம் திரும்பும் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.