மூட்டுவலிக்குச் சத்துப் பவுடரா? முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் முழங்கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், தெரிந்தவர் யாராவது சத்துப் பவுடர் டப்பாவோடு வந்துவிடுவார். காசை எடுப்பதற்கு முன் டப்பாவைக் கையில் வாங்கி, இந்த வரிசையில் பாருங்கள்.

1. லேபிளில் ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்றும், ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்றும் இருக்கிறதா? இருந்தால் சட்டப்படி அது உணவு, மருந்தல்ல. ‘மூட்டுத் தேய்மானம் குணமாகும்’, ‘சர்க்கரை நோய் போயே போய்விடும்’ என்று சொல்லி அதை விற்க அனுமதி இல்லை. அப்படிச் சொன்னால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரைக்குக் கீழே 14 இலக்க உரிம எண் இருக்கும். அதை அந்த ஆணையத்தின் உரிமத் தளமான ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் அடித்துப் பாருங்கள். டப்பாவில் உள்ள கம்பெனி பெயரே வருகிறதா? சரி, உரிமம் உண்மை. ஆனால் அவ்வளவுதான், உள்ளே இருக்கும் பவுடரைச் சோதித்து அரசு கொடுத்த சான்று அல்ல அது.

3. நிறையப் பேர் ஏமாறும் இடம் அளவுதான். ‘கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் 40 சதவீதம்தான் கால்சியம், அதாவது 500 மி.கி. நம் ஊர் ராகி மாவில் 100 கிராமுக்கே ஏறக்குறைய 350 மி.கி. இருக்கிறது. களி சாப்பிடும் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பத்துப் பொருள்களின் பெயரை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத டப்பா வேண்டவே வேண்டாம்.

4. ஆய்வக அறிக்கை கேளுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா, அறிக்கையில் உள்ள பேட்ச் எண்ணும் டப்பாவில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

5. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்களா? இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். மூலிகை என்று விற்கும் வலிப் பவுடர்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை பிடிபட்டிருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும். நீங்களாக சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். ஃபுளோரைடாலும் மூட்டு வலிக்கும், விறைக்கும். பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். டப்பா வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.