டெஸ்மாஸில் ஒரு பரவளையத்தை ஆட்டிப் பார்ப்போம்

இருபடிச் சமன்பாட்டின் வரைபடமான பரவளையத்தைத் தாளில் வரைந்தவர்களுக்குத் தெரியும். அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, வளைவாக இணைத்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குப் பிறகு "இந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்க யாருக்குத் தெம்பிருக்கும்? அந்தக் கேள்விக்காகத்தான் டெஸ்மாஸ். எலி லூபராஃப் 2011-இல் வெளியிட்ட இந்த இணைய வரைபடக் கணிப்பானுக்குக் கட்டணம் கிடையாது, பதிவு செய்யாமலேயே பயன்படுத்தலாம். கைப்பேசியிலும் ஓடும். ஆனாலும் முதல்முறை கணினியில் திறப்பதே வசதி.

படி 1. இடப்பக்கம் சமன்பாடு எழுதும் கட்டங்கள், வலப்பக்கம் வரைபடத்தாள். முதல் கட்டத்தில் ஒய் = எக்ஸ்² என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். வர்க்கத்துக்கு ^ குறியும் 2-உம். தட்டத் தட்டவே வளைவரை வந்துவிடும்.

படி 2. அதை அழித்துவிட்டு, ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி என்று எழுதுங்கள். ஏ, பி, சி மூன்றுக்கும் ஸ்லைடர் (இழுத்து மதிப்பை மாற்றும் பட்டை) வேண்டுமா என்று டெஸ்மாஸே கேட்கும். ஒப்புக்கொண்டால் −10 முதல் 10 வரை நகரும் மூன்று ஸ்லைடர்கள் கிடைக்கும்.

இழுப்பதற்கு முன் வளைவரை எப்படி நகரும் என்று ஊகித்துச் சொல்லிவிடுங்கள். ஊகிக்காமல் இழுத்தால் அது வெறும் வேடிக்கைதான். சி-யை இழுத்தால் வளைவரை மேலும் கீழும் போகும், எதிர்பார்த்ததுதான். ஏ பெரிதானால் குறுகும், குறை எண்ணானால் கவிழும், சரியாக 0 ஆனால் பரவளையமே போய் நேர்க்கோடாகிவிடும். ஏ-வை மறுபடி 1-க்குக் கொண்டுவந்துவிடுங்கள். இப்போது பி. இடவலமாக நகரும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். 0-விலிருந்து இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் போகிறது, கூடவே கீழேயும் இறங்குகிறது. எந்தப் பாதையில்?

படி 3. வளைவரை திரும்பும் இடமான முனைப் புள்ளியைக் குறித்தால் பாதை தெரியும். புதிய கட்டத்தில் (−பி/2ஏ, சி − பி²/4ஏ) என்று அடைப்புக்குறியோடு தட்டுங்கள். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பின்னத்தின் கீழ்ப்பகுதியை எழுதியதும் வல அம்புக்குறி விசையை அழுத்தி வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்துத் தட்டுவதும் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். வர்க்கத்தை எழுதிவிட்டு வகுத்தல் குறி போடுமுன்னும் அதே அம்புக்குறி வேண்டும்.

படி 4. இன்னொரு கட்டத்தில் ஒய் = சி − ஏஎக்ஸ்² என்று எழுதிவிட்டு பி-யை மறுபடி இழுங்கள். முனைப் புள்ளி இந்தக் கவிழ்ந்த பரவளையத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், இம்மியும் விலகாது. காரணம் இரண்டே வரி: முனையில் எக்ஸ் = −பி/2ஏ என்பதால் பி = −2ஏஎக்ஸ். இதை முனையின் ஒய் மதிப்பில் பிரதியிட்டால் சி − ஏஎக்ஸ்² வந்துவிடும். இந்த இரண்டு வரியைத் தாளில் எழுதிப் பார்க்காமல் விடாதீர்கள். கண்ணால் கண்டது நிரூபணம் ஆகாது.

படி 5. தீர்வு காண்பதற்கு ஒய் = எக்ஸ்², ஒய் = எக்ஸ் + 6 இரண்டையும் புதுப் பக்கத்தில் வரையுங்கள். வளைவரையைச் சொடுக்கினால் வெட்டுப்புள்ளிகளில் சாம்பல் நிறப் பொட்டுகள் தோன்றும், அவற்றைத் தொட்டால் (−2, 4), (3, 9). ஆக, எக்ஸ்² − எக்ஸ் − 6 = 0 என்பதன் மூலங்கள் −2, 3. விகிதமுறா எண்ணாக இருந்தால் மட்டும் தசமத்தில்தான் காட்டும். √2 என்று எதிர்பார்த்த இடத்தில் 1.414 என்றிருக்கும்.

முக்கோணவியலுக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டெஸ்மாஸ் தொடக்கத்தில் கோணங்களைப் பாகையில் அல்ல, ரேடியனில் அளக்கும். சைன் 90 என்று தட்டினால் 1 வராது, 0.894 வரும். வலப்பக்க மேல் மூலையில் உள்ள ஸ்பேனர் படத்தைச் சொடுக்கி, அளவைப் பாகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வரைந்ததை உங்கள் பெயரில் சேமித்து வைக்கத்தான் பதிவு செய்ய வேண்டும். அதை மட்டும் கடைசியில் செய்துகொள்ளலாம்.