சீ டிரவுட் தூண்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேல்ஸ் ஆறுகளை முன்வைத்து

வேல்ஸின் டவி, டைவி, கான்வி போன்ற ஆறுகளில் கோடை இரவுகளில் தூண்டிலோடு நிற்பவர்கள் பெரும்பாலும் காத்திருப்பது சீ டிரவுட் மீனுக்காகத்தான். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் டிரவுட் மீன் இது. உள்ளூர் மக்கள் இதைச் சூயின் என்று அழைக்கிறார்கள். இந்த மீனின் வரத்து பல ஆண்டுகளாகக் குறைந்து வருகிறது. ‘நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்’ என்ற அரசு அமைப்பு ஆண்டுதோறும் செய்யும் மதிப்பீட்டில் பெரும்பாலான ஆறுகள் ஆபத்துப் பிரிவிலேயே இடம்பெறுகின்றன. நிலைமை இவ்வாறு இருக்க, புதிதாகத் தூண்டில் எடுத்தவர்களும், கசப்பான உண்மையைச் சொன்னால் பல்லாண்டு பழகியவர்களும், சில தவறுகளைத் தொடர்ந்து செய்து வருகிறார்கள்.

முதல் தவறு, சீ டிரவுட்டைச் சால்மனின் சிறிய பதிப்பாகக் கருதுவது. ஆற்றுக்கு முட்டையிட வரும் அட்லாண்டிக் சால்மன்களில் மிகப் பெரும்பாலானவை அதன்பின் இறந்துவிடுகின்றன. சீ டிரவுட் அப்படியன்று. அது முட்டையிட்டு, இளைத்து, கடலுக்குத் திரும்பி, உடல் தேறி, அடுத்த ஆண்டு மீண்டும் வரக்கூடியது. இவ்வாறு பல முறை வந்து சென்ற மீன்களின் வரலாற்றை அவற்றின் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் படித்துவிட முடியும். கடலுக்குச் செல்லும் மீன்களில் பெண்களே மிகுதி என்பதையும், உடல் பெரிதாகப் பெரிதாக முட்டைகளின் எண்ணிக்கையும் அளவும் கூடுகின்றன என்பதையும், பெரிய மீன் சரளைக்கல்லை ஆழமாகத் தோண்டி முட்டைகளை வெள்ளத்துக்குத் தப்பும்படி புதைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘பெரிய மீன் ஒன்றே ஒன்றுதானே, வீட்டுக்கு எடுத்துப்போகலாம்’ என்ற கணக்கு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வேல்ஸ் விதிகள் பிடிபட்ட சால்மன் அனைத்தையும் விட்டுவிடச் சொல்வதோடு, பல ஆறுகளில் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சீ டிரவுட்டையும் விடச் சொல்வது இதனால்தான். மறுபுறம், கடலுக்குப் போன அதே கோடையில் திரும்பி வரும் சிறு மீன்கள் கூட்டமாகத் தென்படுவதால் ‘இவைதான் நிறைய இருக்கின்றனவே’ என்று வாரிக்கொள்வதும் சரியன்று. நாளைய பெரிய மீன்கள் அவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

சால்மனை வைத்திருப்பது குற்றம், சீ டிரவுட்டைச் சில இடங்களில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாமல் ஆற்றில் இறங்குவது அடுத்த தவறு. இரவில், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், இரண்டும் வெள்ளியாகவே மின்னும். நிறத்தை நம்பக் கூடாது. வாயைப் பாருங்கள்: சீ டிரவுட்டின் மேல்தாடை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீளும், சால்மனுக்கு அது பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடும். வாலைப் பாருங்கள்: சால்மனின் வால் உள்வளைந்து, அடிப்பகுதி மெலிந்திருக்கும், சீ டிரவுட்டின் வால் ஏறக்குறைய நேர்கோடாக, அடிப்பகுதி தடித்திருக்கும். ஐயம் தீராவிட்டால் முதுகின் பின்புறமுள்ள சிறிய கொழுப்புத் துடுப்புக்கும் உடலின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓடும் கோட்டுக்கும் இடையே உள்ள செதில் வரிசைகளை எண்ணலாம். சால்மனுக்கு 10 முதல் 13 வரையும், டிரவுட்டுக்கு 13 முதல் 16 வரையும் இருக்கும். எண்ணி முடிப்பதற்குள் மீன் மூச்சுத் திணறிவிடும் என்பதால், ஐயம் இருந்தால் விட்டுவிடுவதே நேர்மை.

விடுவது என்று முடிவான பின் செய்யும் தவறுகள்தான் உண்மையில் அதிகம், அவற்றால் வரும் சேதமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீன் கையிலிருந்து நீந்திப் போனதும் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அது சில மணி நேரம் கழித்து எங்கோ ஒரு மடுவின் அடியில் இறந்து கிடப்பதை நாம் பார்ப்பதில்லை. கனடாவில் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஓர் ஆய்வு, களைப்படையும்வரை நீந்தவைத்த வானவில் டிரவுட்டுகளில் நீருக்குள்ளேயே இருந்தவற்றில் 12 விழுக்காடும், 30 விநாடிகள் காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடும், 60 விநாடிகள் வைக்கப்பட்டவற்றில் 72 விழுக்காடும் இறந்ததாகக் காட்டியது. அது வேறு இனம், அதுவும் ஆய்வகத் தொட்டி. அதே விகிதம் ஆற்றிலும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றில் கழியும் ஒவ்வொரு விநாடிக்கும் விலை உண்டு என்பதை மறுக்க முடியாது. புகைப்படத்துக்காக மீனை மார்பளவு தூக்கிப் பிடித்து, கைப்பேசியின் பூட்டைத் திறக்கத் தடுமாறும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஆகவே மீனை நீரிலேயே வைத்திருங்கள். முடிச்சில்லாத, ரப்பர் பூசிய கைவலையை நீரில் அமிழ்த்தி, அதற்குள் மீன் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து நிற்கும்படி பிடித்துக்கொண்டு கொக்கியைக் கழற்றலாம். கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும், உலர்ந்த கை மீனின் வழவழப்பான மேற்பூச்சை உரித்துவிடும். வாலைப் பிடித்துத் தொங்கவிடவே கூடாது. சால்மனைப் போல இதன் வால் பிடி கொடுக்காது, நழுவிக் கல்லில் விழும். கொக்கி முனையின் பின்னால் எதிர்த்து நிற்கும் சிறுமுள்ளைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும் என்பது வேல்ஸில் சட்டமும்கூட. மும்முனைக் கொக்கிகளையும் அங்கு பயன்படுத்தக் கூடாது. மெல்லிய நரம்பில் (தூண்டில் நூலில்) பெரிய மீனை நெடுநேரம் விளையாடவிடுவதைத் திறமை என்று சிலர் பெருமைப்படுவதுண்டு. மீனின் கணக்கில் அது சித்திரவதை. வலுவான நரம்பைக் கட்டி, விரைவில் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

நீரின் வெப்பத்தைக் கவனிக்காதது இதோடு சேர்ந்த தவறு. டிரவுட் குளிர்நீர் மீன். வெப்பம் ஏற ஏற நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் தேவையோ கூடுகிறது. ஒரு சிறிய வெப்பமானியைப் பையில் வைத்திருந்து, நீர் 18 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தூண்டிலைச் சுருட்டிவிடுவது என் கருத்தில் நியாயமான எல்லை. வறண்ட ஜூலையில், ஒரே மடுவில் ஒடுங்கி நிற்கும் மீன்கள் எளிதில் கொத்தும் என்பதற்காக அங்கே போவது வேட்டை அறமும் ஆகாது.

இரவுத் தூண்டிலின் நுட்பத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இருட்டு முழுமையாகக் கவிவதற்கு முன் நீரில் இறங்காதீர்கள், விளக்கை நீரின்மேல் அடிக்காதீர்கள், மடுவிலுள்ள மீன்கள் மிரண்டால் அன்றைய இரவு உங்களுக்கு மட்டுமன்றி மற்றவர்களுக்கும் வீண்.

அனுமதி விஷயத்திலும் குழப்பம் மிகுதி. இங்கிலாந்து, வேல்ஸுக்கான சாதாரணத் தூண்டில் உரிமம் சீ டிரவுட்டுக்குப் போதாது. சால்மன், சீ டிரவுட்டுக்கான தனி உரிமம் வேண்டும். அதற்கும் மேலாக, அந்த ஆற்றுப் பகுதியின் உரிமையாளர் அல்லது தூண்டில் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். தூண்டிலில் பிடித்த சீ டிரவுட்டை விற்பது அங்கு 2009 முதல் தடைசெய்யப்பட்டது. தெரிந்த உணவகக்காரருக்கே என்றாலும் விற்கக் கூடாது.

சரிவுக்குக் காரணம் தேடும்போது நிகழும் தவறு வேறு வகையானது. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கொனமாரா பகுதியில், 1989-இல் சீ டிரவுட் வரத்து திடீரென வீழ்ந்தபோது கடல் சால்மன் பண்ணைகளிலிருந்து பரவும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி மீது பழி விழுந்தது. இந்த மீன் ஆழ்கடலுக்குப் போகாமல் கரையோரத்திலேயே உலவுவதால் பேனுக்கு எளிதில் இரையாகிறது. அந்த வாதத்தை அப்படியே வேல்ஸுக்குக் கொண்டுவருவோர் அங்கே கடல் சால்மன் பண்ணைகள் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். வேல்ஸில் பால்பண்ணைகளின் சாணக் கரைசல், கழிவுநீர்க் கசிவு, தடுப்பணைகள், சரளைப் படுகையில் படியும் வண்டல், சூடாகும் நீர் எனக் காரணங்கள் பல. நம் ஒகேனக்கல் பரிசலை ஒத்த கொராக்கிள் படகுகளில் இரவில் வலை இழுக்கும் டவி, டைவி மீனவர்களைச் சில தூண்டில்காரர்கள் ஏசுவதும் உண்டு. அவர்களும் குறைந்த எண்ணிக்கை உரிமங்களுக்குள் கட்டுப்பட்டவர்கள்தான். ‘பொரிப்பகத்தில் குஞ்சு வளர்த்து விட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கையும் எளிதில் சாவதில்லை. வாழிடம் கெட்டிருக்கும் ஆற்றில் விடப்படும் குஞ்சும் அதே கேட்டைத்தான் சந்திக்கும். ‘நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ்’ 2014-இல் சால்மன், சீ டிரவுட் குஞ்சு விடும் பணியை நிறுத்த முடிவெடுத்தது.

கடைசியாக, பருவ முடிவில் அனுப்ப வேண்டிய மீன்பிடி விவர அறிக்கை. ஒன்றும் பிடிபடவில்லை என்பதால் அனுப்பாமல் விடுபவர்கள் பலர். எத்தனை நாள் ஆற்றுக்குப் போய் எத்தனை மீன் பிடித்தோம் என்ற விகிதத்தைக் கொண்டே ஆற்றின் நிலை கணிக்கப்படுவதால், வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் பதிவாகாவிட்டால் ஆறு உள்ளதைவிட நலமாக இருப்பதுபோல் தோன்றும். மீன் பிடிபடாவிட்டாலும், போன நாள்களையும் பூஜ்யத்தையும் எழுதி, அடுத்த ஜனவரி 1-க்குள் அனுப்பிவிடுங்கள். வைத்துக்கொண்ட மீனைப் போலவே விட்ட மீனையும் அதில் குறிக்க வேண்டும்.