மசாய் மாரா போக ஏஜென்ட் பிடிக்கிறீர்களா? பலர் செய்யும் தவறுகள்

கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குப் போக நினைப்பவர்கள் நாலைந்து ஏஜென்ட்டுகளிடம் விலை கேட்பார்கள். யார் குறைத்துச் சொன்னாரோ அவரிடம் முன்பணம் கட்டிவிடுவார்கள். விலையை ஒப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் ஒருவர் சொல்கிற மூன்று நாள் திட்டமும் இன்னொருவர் சொல்கிற மூன்று நாள் திட்டமும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்லையே, தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நுழைவுச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். காப்பகத்துக்கு வெளியே தங்குபவர்களுக்கு இந்தச் சீட்டு காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான் செல்லும். நைரோபியிலிருந்து சாலை வழியாகப் போக ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். சாப்பிட்டுவிட்டு மதியம் மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தால், மூன்று மணி நேரச் சவாரிக்கு ஒரு முழுச் சீட்டு போய்விடும். அந்தச் சீட்டை மிச்சம் பிடிக்க மலிவான திட்டங்களில் முதல் நாள் மாலை ‘மசாய் கிராமம்’ என்றோ ‘ஓய்வு’ என்றோ போட்டிருந்தால் உஷாராகுங்கள். மூன்றாம் நாள் காலை உணவு முடிந்ததும் நைரோபி. ஆக, மூன்று நாள் சஃபாரியில் காட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு நாள்!

அதனால் ஏஜென்ட்டிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த விலையில் எத்தனை நாள் சீட்டு அடங்கியிருக்கிறது? ஆகஸ்டில் இரண்டு பேர் இரண்டு நாள் உள்ளே போனால் சீட்டுக்கு மட்டுமே 800 டாலர். சொன்ன விலையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் வண்டி, டீசல், தங்குமிடம், சாப்பாடு, அவருடைய லாபம் எல்லாம் அடங்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?

அடுத்தது தங்குமிடம். பெயரில் ‘மாரா’ இருந்தால் காட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. செக்கெனானி, தலேக் வாசல்களுக்கு வெளியே ஏராளமான முகாம்கள் இருக்கின்றன. வெளியே தங்குவதே குறை என்றும் சொல்ல முடியாது. மாரா நார்த், நபோயிஷோ போன்றவை மசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் தனிக் காப்பகங்கள். அங்கே இரவுச் சவாரி உண்டு, பாதையை விட்டு இறங்கியும் ஓட்டலாம். அரசுக் காப்பகத்தில் இந்த இரண்டுக்கும் அனுமதி இல்லை. விலையும் அதற்கேற்ப ஏறும். எப்படியானாலும் முகாமின் பெயரும், எந்த வாசலுக்குப் பக்கம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘அல்லது அதற்கு இணையான விடுதி’ என்ற வரியை நான் நம்ப மாட்டேன். எதற்கு இணை, யார் முடிவு செய்வது?

வண்டி விஷயமும் அப்படியே. கூரை திறக்கும் லேண்ட் க்ரூஸரா, மினிவேனா? தனி வண்டியா, மற்றவர்களோடு சேர்ந்தா? ஆளுக்கு ஒரு ஜன்னல் இருக்கை உறுதியா? ஏப்ரல், மே மழையில் மாராவின் கரிசல் மண்ணில் மினிவேன் திணறும்.

“மாரா நதியை வில்டபீஸ்ட் கூட்டம் தாண்டுவதைக் காட்டுகிறேன், கேரண்டி” என்று ஒருவர் சொன்னால், அவரை விட்டுவிடலாம். வில்டபீஸ்ட் என்பது மாடு போலத் தோன்றும் ஒரு பெரிய மான். ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் பொதுவாக மாரா பக்கம் இருக்கும், அவ்வளவுதான். மழையைப் பார்த்து நகர்கிற விலங்குகள் அவை. கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பியும் போகும். பிப்ரவரியில் அவை தான்சானியாவில், தெற்கு செரெங்கெட்டியில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். சரி, பக்கத்தில்தானே என்று மாராவிலிருந்து நேராக செரெங்கெட்டிக்குப் போகலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்களிடமும் கவனம். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் நடுவிலிருக்கும் எல்லை வழி சுற்றுலாப் பயணிகளுக்கு 1977 முதல் மூடியே கிடக்கிறது. இசெபானியா என்ற எல்லை ஊர் வழியாகச் சுற்றிப் போக ஏறக்குறைய ஒரு நாள் போய்விடும்.

நம் ஊர் ஏஜென்ட் பெரும்பாலும் இடைத்தரகர்தான். வண்டியை ஓட்டப் போவது நைரோபி நிறுவனம். அதன் பெயரைக் கேட்டு வாங்குங்கள். கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா, கேட்டோ என்கிற கென்ய டூர் நடத்துநர்கள் சங்கத்தின் பட்டியலில் பெயர் உண்டா என்று நீங்களே சரிபார்க்கலாம். பணத்தை ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். இன்னொன்று, கென்யாவில் வேட்டைக்கு 1977 முதலே தடை. “அதுக்கும் ஏற்பாடு பண்ணலாம் சார்” என்பவரிடம் வேறு எந்தக் கேள்வியும் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஏஜென்ட் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் டிக்கெட் போட்ட கையோடு அங்கே விசாரித்து நாள் குறித்துக்கொள்ளுங்கள்.