தேதி தாண்டிய ஃபிலிம் ரோல்: எங்கே சறுக்குகிறோம்?

பெட்டியில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்து காலாவதியான ஃபிலிம் வாங்குவதுதான் முதல் தவறு. 2003-ல் தேதி முடிந்து, அன்றிலிருந்து ஃப்ரீசரிலேயே கிடந்த ரோல், 2018-ல் முடிந்து ஸ்டூடியோ பரணில் வெந்த ரோலைவிட நன்றாகவே படம் தரும். அதனால் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். ‘ஃப்ரிட்ஜில்தான் சார் இருந்தது’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அட்டை ஊறி உப்பியிருந்தால், அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். 35 மி.மீ. ரோலுக்குத் தேதி பெட்டியில்தான் அச்சாகியிருக்கும். பெட்டி இல்லாத உதிரி ரோலுக்குச் சொல்லும் தேதி வெறும் வாய்வார்த்தை. வாங்குவதானால் ஒரே பேட்ச் எண்ணில் நாலைந்தாக வாங்குங்கள். ஒன்றைச் சோதனைக்குப் பலிகொடுத்தால் மற்றவற்றின் குணம் தெரிந்துவிடும்.

அடுத்தது, ‘பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப்’ (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) என்ற கணக்கை எல்லா ஃபிலிமுக்கும் போடுவது. அது கலர் நெகட்டிவுக்கான தோராயக் கணக்கு. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் வேகம்; எண் குறைந்தால் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். இருபது வருஷம் பழசான ஐஎஸ்ஓ 200 ரோல் என்றால் லைட் மீட்டரில் 50 வைக்கிறோம். ஏன்? வயதாக ஆக, வெளிச்சமே படாத இடத்திலும் ஒரு மூட்டம் படிகிறது. நிழல் பகுதியின் விவரங்கள் அதில் மூழ்கிவிடாமல் மேலே தூக்கத்தான் கூடுதல் வெளிச்சம். நெகட்டிவ் இல்லாமல் ரோலிலேயே நேரடிப் படமாக வரும் ஸ்லைடு ஃபிலிமில் கதை தலைகீழ். அங்கே மூட்டம் கறுப்பையே வெளுக்கவைக்கும். மேலும் வெளிச்சம் கொடுத்தால் படம் இன்னும் வெளிறும். பெட்டியில் போட்ட ஐஎஸ்ஓவிலேயே எடுப்பது நல்லது.

கருப்பு வெள்ளை இன்னும் கெட்டி. ஐஎஸ்ஓ 100, 125 ரோல்கள் மெதுவாகத்தான் கெடும். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ரோல்களைத் தேடுபவர்கள் உண்டு. ஆலையே மூடிவிட்டதால் இனி கிடைப்பதெல்லாம் பழசுதான். ஆனால் 3200 போன்ற வேக ஃபிலிம் ஃப்ரீசரில் இருந்தாலும் மூட்டம் கட்டும். இயற்கைக் கதிர்வீச்சை ஃப்ரீசர் தடுக்காது.

கூடுதல் வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, ‘பழைய ரோல், கொஞ்சம் அதிகமாகக் கழுவுங்கள்’ என்று லேபில் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கழுவும் நேரம் கூடினால் மூட்டமும் கூடும். சாதாரணமாகவே கழுவச் சொல்லுங்கள்.

வாங்கும் முன்பே உருளையில் இருக்கும் பிராசஸ் (கழுவும் முறை) பெயரைப் படியுங்கள். இன்று கலர் நெகட்டிவுக்கு வழக்கமான சி-41 என்றால் கவலையில்லை. 1972-ல் அது வருவதற்கு முன்பிருந்த சி-22 ரோலை அதே மருந்தில் போட்டால், 38 டிகிரி சூட்டில் பூச்சு உரிந்து லேபின் மருந்தும் பாழாகலாம். கோடக்கின் பழைய ஸ்லைடு ஃபிலிமான கோடக்ரோமைக் கலரில் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில் இருந்த டுவேன்ஸ் போட்டோ, 2010 முடிவோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. இன்று அதைக் கருப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும்.

சின்ன ஆட்டோமேட்டிக் கேமராவில் இன்னொரு சிக்கல்: உருளை மேலுள்ள வெள்ளிக் கட்டங்களைப் படித்து அதுவே ஐஎஸ்ஓவை வைத்துக்கொள்ளும், நம்மால் மாற்ற முடியாது. ஐஎஸ்ஓவைக் கையால் திருப்பி வைக்கும் கேமராவே பழைய ரோலுக்குத் தோது. அப்புறம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உறையைப் பிரிக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். சில மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

பழைய இன்ஸ்டன்ட் ஃபிலிம் பாக்கெட்டுகளை விட்டுவிடுங்கள். மருந்துப்பை காய்ந்திருந்தால் எந்த ஸ்டாப் கணக்கும் உதவாது. புஜி எஃப்பி-100சி தயாரிப்பு 2016-ல் நின்றதால் விலையும் கொள்ளை.