பதினாறுக்கு முன்னே பதினான்கு: டர்பனில் துக்க ஆண்டை நடத்தும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துத் தமிழ் வீட்டில் ஒருவர் கண்மூடினால் இரண்டு கணக்குகள் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஒன்று மூன்றாம் நாள், பதினாறு, அமாவாசை, வருஷத் திதி என்று போவது. இன்னொன்று அரசாங்கத்துடையது: 72 மணி நேரம், 14 நாள், ஆறு மாதம். ‘பதினாறு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது பெரியவர்கள் வாயில் வழக்கமாக வரும் பேச்சு. ஆனால் இறந்தவரின் சொத்து விவரத்தை, இந்த விவகாரங்களைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க உள்ள கெடு 14 நாள்தான். பிந்தினால் வாங்க மாட்டார்கள் என்றில்லை. ஆனால் மாஸ்டரின் கடிதம் வரும்வரை வங்கி ஒரு ராண்டைக்கூட அசைக்காது.

ஆகவே முதல் நாளே வேலையைப் பிரித்துவிடுங்கள். கொள்ளி வைப்பவர் காரியத்தைப் பார்க்கட்டும். காகித வேலை வேறொருவரிடம் போகட்டும். கட்டிக்கொடுத்த மகளுக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்பது பழைய கணக்கு, அதனால் அலுவலகம் ஏறி இறங்க அவரே பொருத்தமானவர்.

மரணத்தை ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) 72 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். மருத்துவர் நிரப்பித் தரும் டிஎச்ஏ-1663 படிவமும் இறந்தவரின் அடையாள அட்டையும் தேவை. பெரும்பாலும் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் அண்டர்டேக்கரே கொண்டுபோய்க் கொடுத்து, அடக்க ஆணையான டிஎச்ஏ-14ஐ வாங்கிவிடுவார். அந்த ஆணை இல்லாமல் தகனம் கிடையாது. விபத்து, தற்கொலை, காரணம் தெரியாத சாவு என்றால் போலீஸும் அரசுப் பிணவறையும் குறுக்கே வரும். உடலை விடுவிக்கும்வரை சொந்தக்காரர்களுக்கு நேரம் சொல்லாதீர்கள். இறந்தவருக்குப் பேஸ்மேக்கர் இருந்ததா என்பதை அண்டர்டேக்கரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எடுக்காமல் விட்டால் சூளையில் வெடிக்கும்.

மரணச் சான்றிதழ் வந்ததும் பத்து நகல் எடுத்து, போலீஸ் நிலையத்தில் சான்றொப்பம் வாங்குங்கள். இலவசம்தான். மூன்று மாதத்துக்கு மேல் பழைய சான்றொப்பத்தைப் பல இடங்களில் ஏற்பதில்லை என்பதால் ஐம்பது நகல் எடுத்து அடுக்குவதில் பயனில்லை. அடையாள எண், பெயரின் எழுத்து, பிறந்த தேதி மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள். நம் வீடுகளில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிட்டது, ஒரே குடும்பத்தில் ஒரே பெயருக்கு மூன்று ஸ்பெல்லிங் இருக்கிறது. அங்கேதான் கோப்பு மாதக்கணக்கில் சிக்கும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையதே என்று ஓர் அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதிச் சேர்த்தால் பெரும்பாலும் தீரும்.

சாம்பலை மறுநாளோ மூன்றாம் நாளோ எடுப்பார்கள். ஊம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனில் கரைப்பவர்கள் அதிகம். நீர் வடியும் நேரமாகப் பார்த்துப் போங்கள். ஏற்றத்தில் போட்டால் பூவும் சாம்பலும் காலடிக்கே திரும்பி வரும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள், அங்கே இழுப்பு மோசம். பிளாஸ்டிக் பையையும் மாலையின் நைலான் நூலையும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

இப்போது அந்தப் பதினான்கு நாள். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் மாஸ்டர் அலுவலகம் உண்டு. மரண அறிவிப்பு ஜே294, சொத்துப் பட்டியல் ஜே243, மரணச் சான்றிதழ், அசல் உயில் இவை அடிப்படை. உயில் இல்லையென்றால் நெருங்கிய உறவினர் பட்டியலான ஜே192ம் வேண்டும். உயிலின் நகல் செல்லாது. அசல் தொலைந்திருந்தால் நீதிமன்றம் ஏற வேண்டிவரும், ஆகவே பீரோ, கோயில் அலமாரி, வங்கி லாக்கர், வக்கீல் அலுவலகம் எல்லாம் தேடிவிடுங்கள். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அதில் பங்கு எழுதியிருந்தால் அந்தப் பங்குக்கு ஆபத்து. மருமகளைச் சாட்சியாகக் கூப்பிடும் வீடுகள் இதைக் கவனிக்கவும்.

மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்கு உட்பட்டால் மாஸ்டர் தரும் ‘அதிகாரக் கடிதம்’ ஒன்றோடு வேலை முடியும். கடனைக் கழிக்காத மதிப்பு இது. டர்பன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ சொந்த வீடு இருந்தாலே தாண்டிவிடும். தாண்டினால் எக்சிகியூட்டர் (சொத்தை நிர்வகித்துப் பிரிப்பவர்) நியமனம், கடன்காரர்களுக்கு அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு, அவர்களுக்கு 30 நாள் அவகாசம், கணக்கு 21 நாள் பொதுப் பார்வைக்கு. கணக்கைத் தாக்கல் செய்ய ஆறு மாதக் கெடு. தள்ளிப்போனால் நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். எக்சிகியூட்டருக்குச் சட்டப்படி ஊதியம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம். இது பேரம் பேசக்கூடியது. வக்கீலிடம் ஒப்படைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள், பிறகு வாய் எழாது.

தாத்தா பாட்டி கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்கள் இங்கே நிறைய. உயிலில்லாமல் கணவர் போய்விட்டால் பாட்டிக்குப் பங்கில்லை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஒருதார இந்துத் திருமணத்தில் மனைவியை வாரிசுச் சட்டப்படி வாழ்க்கைத் துணையாக டர்பன் உயர் நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்திருக்கிறது. புரோகிதரின் சான்று, கல்யாணப் புகைப்படம், சாட்சிகளின் அஃபிடவிட் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள்.

ஓய்வூதிய நிதி சொத்துக் கணக்கில் சேராது. நியமனப் படிவத்தில் யார் பெயர் இருந்தாலும், யார் சார்ந்து வாழ்ந்தார்கள் என்று பார்த்து அறங்காவலர்கள்தான் பிரிப்பார்கள். ஆகவே கூட இருந்து பார்த்துக்கொண்ட மகளின் பெயர் படிவத்தில் இல்லாவிட்டாலும் அவர் விண்ணப்பிக்கலாம். வேலையில் இருந்தவர் என்றால் யூஐஎஃப் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) மரணப் பலனையும் கேளுங்கள். முதியோர் உதவித்தொகை வாங்கியவர் என்றால் உதவித்தொகை தரும் அரசு முகமையான சாசாவுக்குச் சொல்லிவிடுங்கள். இறந்தவர் கார்டில் பணம் எடுத்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், குற்றமும் ஆகும்.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வருவோம். நூறு பேருக்குக் காய்கறி பிரியாணி என்றால் 8 கிலோ அரிசி, 2 கிலோ மசூர் பருப்பு, 6 கிலோ உருளைக்கிழங்கு, 4 கிலோ மற்ற காய். மசூரைத் தனியாக முக்கால் வேக்காட்டில் இறக்குங்கள். முழுக்க வெந்தால் தம்மில் களியாகிவிடும். கூடவே பருப்பு, தயிர், கேரட் சம்பல் போதும். சாப்பாட்டில் பகட்டு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். காரியத்துக்குக் கடன் வாங்கிவிட்டு வருஷம் முழுக்க வட்டி கட்டும் வீடுகள் உண்டு. இறந்தவர் அதைக் கேட்டிருக்க மாட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தை வாசல் பக்கம் வைத்து, பணமோ அரிசியோ பாத்திரமோ யார் கொண்டுவந்தாலும் ஒரு பேத்தியை விட்டு எழுதச் சொல்லுங்கள். வருஷக் கடைசியில் அது உதவும்.

அந்த ஆண்டில் காவடி எடுப்பதில்லை, ஆடிக் கஞ்சி வார்ப்பதில்லை, தீபாவளிக்குப் பலகாரம் சுடுவதில்லை. உறவுக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். புரட்டாசி விரதத்துக்குத் தடையில்லை என்றே பெரும்பாலான வீடுகள் கொள்கின்றன. கல்யாணத்துக்கு மண்டபம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால்? வருஷத் திதியை முன்கூட்டியே முடித்துத் துக்கத்தை எடுத்துவிட்டு நடத்தும் வழக்கம் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஐயரையோ பண்டாரத்தையோ கேட்டு, முடிவை எல்லாச் சகோதரர்களுக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கல்யாணத்தைவிடச் சண்டை பெரிதாகும்.

திதியைக் கணிப்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறும், கடிகாரம்தான் வேறு. இந்தியாவிலிருந்து வரும் தினசரிக் காலண்டரில் உள்ள நேரத்தில் மூன்றரை மணி கழித்தால் தென்னாப்பிரிக்க நேரம். அமாவாசை மாலை 6.10 வரை என்று அச்சிட்டிருந்தால் இங்கே பிற்பகல் 2.40க்கே பிரதமை தொடங்கிவிடும். அன்று டர்பனில் மூன்று மணிக்குப் போனவரின் திதி அமாவாசை அல்ல, வளர்பிறைப் பிரதமை. ஆகவே இறந்த நேரத்தை நிமிடத்தோடு குறித்து, தமிழ் மாதம், பிறை, திதி மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள்.

அடுத்த ஆண்டு அதே தமிழ் மாதத்தில் அந்தத் திதி பிற்பகலில் நிற்கும் நாளே திதி நாள். பிற்பகல் என்பது பகலை ஐந்தாகப் பிரித்ததில் நான்காம் பங்கு: டர்பனில் ஜூனில் ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று மணி, டிசம்பரில் ஒன்றேகாலிலிருந்து நாலு மணி. ஒரே மாதத்தில் அந்தத் திதி இருமுறை வந்தால் பின்னால் வருவதை எடுப்பது வழக்கம். ஆங்கிலத் தேதியை நினைவுநாளாக வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு; தவறில்லை, ஆனால் பிள்ளைகள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வருஷத் திதி அன்று நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பாடை தூக்கியவர், சமைத்தவர், இரவில் கூட இருந்தவர், மரண உதவிச் சங்கத்தார், மாஸ்டர் அலுவலகத்துக்குக் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரர்: ஒவ்வொருவருக்கும் நேரில் ஒரு தட்டு சாப்பாடும் வெற்றிலை பாக்கும். தூரத்தில் இருப்பவருக்குக் கைப்பட ஒரு வரி. பணம் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அது அவமதிப்பு. அவர் வீட்டுத் துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் அதே அளவு செய்வதுதான் முறை, நோட்டில் தொகை இருப்பது அதற்காகவே. இறந்தவர் பேரில் தானம் என்றால் சாட்ஸ்வர்த்தில் உள்ள ஆரியன் பெனிவலென்ட் ஹோம் போன்ற இல்லங்களுக்கு முதலில் போன் செய்து என்ன வேண்டுமென்று கேளுங்கள். பெரியவர்களுக்கான டயப்பர் கேட்பார்கள். எல்லாரும் கொண்டுவருவது பிஸ்கட்.